புத்தகத்தைக் கண்டால் ஓடும் குழந்தை

நம் சங்க விழாக்களில் இளம் தாய்மார்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நின்றால் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடுகிறது. "ஊருக்குப் போனப்போ பத்துப் புத்தகம் வாங்கிட்டு வந்தேன் ஆன்ட்டி. ரெண்டு வரி படிக்கறதுக்குள்ள மடியிலேருந்து எறங்கி ஓடிடறான்" என்பார் ஒருவர். "எங்க வீட்டுல புத்தகத்தைக் கடிக்கறதோட சரி" என்பார் இன்னொருவர். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு ஒரு வாக்கியம் வரும்: "இங்கிலீஷ் புத்தகம்னா கொஞ்ச நேரம் உக்காருது. தமிழ்தான் அதுக்குப் பிடிக்கலை போல இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தைக்குத் தமிழ் பிடிக்கவில்லை என்று தீர்ப்பு எழுதி, தமிழ்ப் புத்தகங்களை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுகிற வீடுகளை துவாரகாவிலும் மயூர் விஹாரிலும் நொய்டாவிலும் நான் நிறையப் பார்க்கிறேன். ஏற்றியவை திரும்ப இறங்குவதில்லை. குழந்தைக்கு ஐந்து வயதாகும்போது, "அவனுக்குத் தமிழ் புரியும், ஆனா பேச மாட்டான்" என்று அதே பெற்றோர் சொல்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் எண்ணம்.

முதலில், ஓடுகிற குழந்தையைப் பற்றி. இந்த வயதில் குழந்தை புத்தகத்தை என்ன செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள். தட்டும், சப்பும், தலைகீழாகப் பிடிக்கும், நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டும். நடுவில் ஒரு நாய்ப் படத்தைக் கண்டால் அந்தப் பக்கத்துக்கே பத்துத் தடவை திரும்பும். பிறகு சட்டென்று மூடிவிட்டுச் சமையலறைப் பக்கம் போய்விடும். நமக்கோ புத்தகம் என்றால் முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பக்கத்தில் முடிக்க வேண்டும். பரீட்சைக்குப் படித்த பழக்கம்! குழந்தை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்து போனால், அது இரண்டு நிமிஷம் பார்த்தது என்பதை விட்டுவிடுகிறோம். எழுந்து போனதுதான் நமக்குக் கணக்கு. நடக்கக் கற்றுக்கொண்ட கால் சும்மா இருக்காது. அந்த வயதுக்கு இரண்டு நிமிஷம் குறைவே இல்லை.

நம் முன்னோர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. பிள்ளைத்தமிழ் என்று நம்மிடம் ஓர் இலக்கிய வகையே இருக்கிறது. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக வைத்துப் பாடியதில் அதன் விதை இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பாடினார். பத்துப் பருவங்களாகக் குழந்தைப் பிராயத்தைப் பிரிக்கும் அந்தப் பட்டியலைப் பாருங்கள். செங்கீரை என்றால் கையையும் காலையும் ஊன்றித் தலையை ஆட்டுவது. தால் என்பது தாலாட்டு. சப்பாணி என்றால் கை கொட்டுவது. பிறகு முத்தம் கேட்பது, தளர்நடை போட்டு வரச் சொல்வது, நிலாவை விளையாடக் கூப்பிடுவது. ஆண் குழந்தையானால் மணல்வீட்டைச் சிதைப்பது, சிறுபறை கொட்டுவது, சிறுதேர் உருட்டுவது. பெண் குழந்தையானால் அம்மானை, ஊசல். "உட்கார்ந்து கேள்" என்று ஒரு பருவமாவது இருக்கிறதா? தமிழ் அந்தக் குழந்தைக்கு உடம்போடு சேர்ந்து போயிருக்கிறது. கையை வீசச் சொல்லும் பாட்டும், சாய்ந்தாடச் சொல்லும் பாட்டும், நிலாவைக் கூப்பிடும் பாட்டும் நம் பாட்டிமார் வாயில் வந்தது இந்த வழியில்தான்.

சரி, அப்படியானால் இங்கிலீஷ் புத்தகத்துக்கு மட்டும் ஏன் உட்காருகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கெட்டி அட்டை, சப்பினாலும் கிழியாது. ஒரு பக்கத்துக்கு ஒரு பசு, அதன் கீழே ஒரே ஒரு சொல். நீங்களும் அந்தச் சொல்லை மட்டும் படித்துவிட்டு நிறுத்துவதில்லை. மாடு மாதிரி கத்திக் காட்டுகிறீர்கள், குழந்தையின் வயிற்றில் முட்டுகிறீர்கள், குழந்தை சிரிக்கிறது. ஊரிலிருந்து வாங்கி வந்த தமிழ்ப் புத்தகம் எப்படி இருக்கிறது? மெல்லிய தாள், பக்கத்துக்கு எட்டு வரி, கதை முடிவில் நீதி. அதை எடுத்ததும் உங்கள் முதுகு நிமிர்கிறது, குரல் மாறுகிறது. "ஓர் அடர்ந்த காட்டில் ஒரு யானை வாழ்ந்து வந்தது. அது ஒருநாள் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தது" என்று படிக்கிறீர்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. "குளித்துக்கொண்டிருந்தது" என்று உங்கள் வீட்டில் யாராவது பேசுகிறார்களா? "யானை ஆத்துல குளிச்சிட்டிருக்கு" என்பீர்கள். சில வீடுகளில் "யானை ஆத்துல குளிச்சுண்டிருக்கு". குழந்தை பிறந்த நாளிலிருந்து கேட்டுவந்த தமிழ் அதுதான். "வாழ்ந்து வந்தது", "அடர்ந்த", "ஓர்" எல்லாம் அதற்கு வேற்றுமொழி. எழுதுவதற்கு ஒரு தமிழ், பேசுவதற்கு ஒரு தமிழ் என்று இரண்டு வைத்திருக்கிறோம் நாம். இந்தியிலோ இங்கிலீஷிலோ சின்னக் குழந்தைகளின் புத்தகத்தில் இருக்கும் வாக்கியத்துக்கும் அம்மா பேசும் வாக்கியத்துக்கும் இவ்வளவு தூரம் கிடையாது. ஆகவே அந்த மொழிகளில் அச்சில் உள்ளதை அப்படியே படித்தாலும் அது பேச்சாகக் காதில் விழுகிறது. தமிழில் அப்படியே படித்தால் ரேடியோச் செய்தியாக விழுகிறது. செய்தி வாசிக்கும்போது நாமே எழுந்து காபி போடப் போவதில்லையா?

தமிழ்நாட்டில் வளரும் குழந்தைக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அங்கே அது தெருவில், கடையில், பஸ்ஸில், கோயில் ஒலிபெருக்கியில் நாள் முழுக்க இரண்டு தமிழையும் கேட்கிறது. இங்கே நம் குழந்தைக்குக் கிடைப்பது வீட்டுத் தமிழ் மட்டும், அதுவும் அளவோடு.

ஆகவே என் யோசனை ரொம்ப எளிமையானது. மூன்று வயது வரை, அச்சில் உள்ள வரிகளைப் படிக்காதீர்கள். படத்தைப் பார்த்து உங்கள் வீட்டுத் தமிழில் பேசுங்கள். "அதோ பாரு யானை! எவ்ளோ பெரிய காது! என்ன பண்றது? தண்ணிய மேல ஊத்திக்கறது. நீ குளிக்கறச்ச அழுவியே, அது அழறதா பாரு." திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலித் தமிழில் சொல்லட்டும், கோயமுத்தூர்க்காரர் கொங்குத் தமிழில் சொல்லட்டும், பாலக்காட்டுக்காரர் பாலக்காட்டுத் தமிழில் சொல்லட்டும். டில்லியில் மூன்று தலைமுறையாக இருந்து பாதி வார்த்தை இந்தியாகிவிட்ட வீடுகளும் உண்டு. அவர்களும் தங்களிடம் இருக்கிற தமிழில் சொல்லட்டும்.

இதைப் பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கொச்சைத் தமிழைச் சொல்லிக் கொடுக்கச் சொல்றீங்களா? நல்ல தமிழ் வேற எங்கேம்மா கேக்கப் போறது இந்த ஊர்ல?" என்றார். அவர் கேள்வியில் உண்மை இருக்கிறது. ஊரில் பள்ளிக்கூடம் எழுத்துத் தமிழைப் பார்த்துக்கொள்ளும். இங்கே 1923இல் வேர் கொண்ட டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளை விட்டால், பெரும்பாலான குழந்தைகளுக்கு எழுத்துத் தமிழ் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? நான் சொல்வது வரிசையைப் பற்றி. கதை முதலில் வீட்டுப் பேச்சில் குழந்தைக்குச் சொந்தமாகட்டும். அந்த யானையை அது நூறு தடவை பார்த்துச் சிரித்த பிறகு, நாலு வயதில் "யானை ஆற்றில் குளித்தது" என்று நீங்கள் படித்துக் காட்டினால், அர்த்தம் ஏற்கனவே தெரியும்; புதிய உடைதான் புதுசு. பேசாத குழந்தைக்கு எழுத்துத் தமிழை எதில் கொண்டுபோய் ஒட்டுவது?

பாட்டு மட்டும் இதற்கு விதிவிலக்கு. சந்தம் இருந்தால் எழுத்துத் தமிழும் குழந்தைக்குக் கசப்பதில்லை. அழ. வள்ளியப்பா வங்கி வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்குப் பாடல் எழுதினார், 1989இல் காலமானார். அவருடைய பாடல்களைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, நடந்துகொண்டே பாடிப் பாருங்கள். ஓடுகிற குழந்தை எங்கே ஓடும்?

இதில் நம் குடும்பங்களுக்கு என்ன நஷ்டம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு. காலை எட்டு மணிக்கு ஆயா வருகிறார், அல்லது குழந்தை க்ரெஷ்ஷுக்குப் போகிறது, அங்கே இந்தி. இரண்டரை வயதில் ப்ளேஸ்கூல், அங்கே இங்கிலீஷ். சாயங்காலம் பார்க்கில் இந்தி. தமிழுக்கு மிஞ்சுவது இரவு ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, அதில் பாதி சாப்பாட்டுக்குப் போய்விடும். அந்த ஒரு மணி நேரத்தில் "உக்காரு, இங்க பாரு, புத்தகத்தைப் பிடுங்காதே" என்று அதட்டினால், தமிழ் என்பது அதட்டலின் மொழி என்று குழந்தைக்குப் படிந்துவிடும். அதட்டாமல் விட்டுவிட்டு, "சரி, இங்கிலீஷ் புத்தகமே பாரு" என்றால் அந்த ஒரு மணியும் போய்விடும். இரண்டு வழியிலும் ஐந்து வயதில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம்: திருச்சியிலிருந்து பாட்டி போனில் கூப்பிடுகிறாள், பேரன் "ஹலோ" சொல்லிவிட்டு அம்மாவிடம் போனை நீட்டுகிறான். அந்தப் பாட்டிக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அவளிடம் இருக்கும் கதைகள் எல்லாம் அவளோடு போக வேண்டியதுதான்.

"அதுக்குத்தான் யூட்யூப்ல தமிழ்ப் பாட்டு போட்டு விட்டுடறோமே" என்று சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பட்ரிஷியா கூல் என்ற விஞ்ஞானி 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சியை இவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒன்பது மாதக் குழந்தைகள். வீட்டில் இங்கிலீஷ் மட்டுமே கேட்டவர்கள். ஒரு பிரிவினரோடு சீன மொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து, நான்கு வாரங்களில் பன்னிரண்டு தடவை, புத்தகம் காட்டியும் பொம்மை வைத்தும் விளையாடினார். இன்னொரு பிரிவினருக்கு அதே பேச்சையே டி.வி.யில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிரித்தறியப் பழகிவிட்டன. டி.வி.யில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. சீன மொழியே கேட்காத குழந்தைகள் எப்படியோ அப்படியே இருந்தன. குழந்தைக்கு மொழி ஆளிடமிருந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் சொல்லிவிட்டது: இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைவாக இருந்தால் நல்லது.

நம்மிடம் ஆள் இருக்கிறார், ஆனால் அவர் அம்மா மட்டும்தான் என்பது இன்னொரு சங்கடம். குழந்தைக்குப் புத்தகம் காட்டுவது பெண்கள் இலாகா என்று நம் ஆண்களில் பலர் முடிவு கட்டியிருக்கிறார்கள். மெட்ரோவில் ஒன்றரை மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு வந்தவர், வீட்டுக்கு வந்து ஐந்து நிமிஷம் தரையில் உட்கார முடியாதா? மொழி தேய்வதைப் பற்றிச் சங்க மேடையில் அரை மணி பேசுகிறவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

எப்படிச் செய்வது என்பதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. 1988இல் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோர் சிலருக்கு ஒரு சின்ன மாற்றத்தை மட்டும் பழக்கினார்கள். படித்துக்கொண்டே போகாதே, குழந்தையைக் கேள், அது சொன்னதைக் கொஞ்சம் நீட்டிச் சொல். மற்றப் பெற்றோர் வழக்கம்போலப் படித்தார்கள். ஒரே மாதத்தில் முதல் பிரிவுக் குழந்தைகள் பேச்சில் முன்னால் போய்விட்டன. "இது யாரு?" "மியா." "ஆமா, மியா. குட்டி மியா, பால் குடிக்கறது." அவ்வளவுதான். பக்கத்தைக் குழந்தை புரட்டட்டும்; பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் சரி. எழுந்து போனால் விட்டுவிடுங்கள். ஆனால் புத்தகத்தை மூடாமல் நீங்கள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருங்கள். பொம்மைக் காரை உருட்டிக்கொண்டே காது இந்தப் பக்கம் இருக்கும். நீங்கள் நிறுத்தினால் திரும்பிப் பார்க்கும், சோதித்துப் பாருங்கள்.

புத்தகம் எது என்பதும் முக்கியம். நான் பார்த்த வரையில் இரண்டு வயதுக் குழந்தைக்கு முதல் தமிழ்ப் புத்தகமாக நன்றாக எடுபடுவது கடையில் கிடைப்பதில்லை. சின்ன போட்டோ ஆல்பம் ஒன்றில் தாத்தா, பாட்டி, ஊர்வீட்டுத் திண்ணை, அங்கே கட்டியிருக்கும் மாடு, தோசைக்கல்லில் தோசை, குழந்தையின் செருப்பு என்று பன்னிரண்டு படம் வைத்துக் கொடுங்கள். போனில் ஆயிரக்கணக்கில் எடுத்து வைத்திருக்கிறோமே, பன்னிரண்டை அச்சுப் போட என்ன செலவு? இதில் வரியே கிடையாது. பேசித்தான் ஆக வேண்டும். கடையில் வாங்குவதானால், 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் தமிழ்ப் படப் புத்தகங்கள் நன்றாக இருக்கின்றன; தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தவையும் உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட் நம் ஊரிலேயே, வசந்த் குஞ்சில் இருக்கிறது. அவர்களுடைய நேரு பால் புஸ்தகாலயா வரிசையில் தமிழ்ப் புத்தகங்கள் மலிவு விலையில் வந்திருக்கின்றன. உலகப் புத்தகக் கண்காட்சிக்குப் பிரகதி மைதானம் போகிறவர்கள் அங்கே தேடலாம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். அச்சிட்டுக் கையில் கொடுங்கள், போனிலேயே காட்டாதீர்கள். போன் கைக்கு வந்தபின் கதை எங்கே நிற்கும்?

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். புத்தகத்துக்கு உட்காராதது நோயல்ல. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஒரு வயதாகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை, பதினாறு மாதமாகியும் ஒரு வார்த்தைகூட இல்லை, இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்வதில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் மறைந்துபோகின்றன என்றால் காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வார்த்தைகளை எண்ணும்போது மூன்று மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். "தண்ணி", "சலோ", "பால்" என்றால் மூன்று வார்த்தை.

அப்படிப் போன இடத்தில், "வீட்டில் மூன்று மொழி பேசுவதால்தான் குழந்தை குழம்புகிறது, தமிழை நிறுத்திவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் பயந்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு இந்த ஆலோசனை கிடைத்தது. அவர்களும் நிறுத்திவிட்டார்கள். பல மொழிகள் காதில் விழுவதால் பேச்சு தாமதமாவதில்லை என்பது இன்று பேச்சு வல்லுநர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். பேச்சில் உண்மையிலேயே சிக்கல் உள்ள குழந்தைக்கும், தாய்க்கு எந்த மொழி மனசிலிருந்து வருகிறதோ அந்த மொழிதான் உதவும். அந்தத் தாய்க்குத் தமிழ்தான் மனசிலிருந்து வந்தது. அதை நிறுத்திய பிறகு அவர் குழந்தையோடு பேசுவதே குறைந்துபோனது.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவில் மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் குறள் ஒப்புவிக்கும் போட்டி வைக்கிறோம். அம்மா மைக்கின் பக்கத்தில் நின்று உதட்டை அசைக்க, குழந்தை விழிக்க, சபை கைதட்டுகிறது. பெரிய குழந்தைகளுக்கு அது இருக்கட்டும். சின்னதுகளுக்கு அதை விட்டுவிட்டு, நம் நூலகத்தில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுக்கலாம். தரையில் ஒரு ஜமக்காளம், குழந்தைக் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தட்டு, அதில் கிழிந்தால் யாரும் அபராதம் கேட்காத புத்தகங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அரை மணி நேரம், வீட்டுத் தமிழில் கதை. பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள் அந்த அரை மணி நேரம் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் பேப்பரை வைத்துவிட்டு ஜமக்காளத்துக்கு வந்து அவர்களும் ஒரு கதை சொல்லலாம். முழங்கால் வலிப்பவர்களுக்கு நாற்காலி போடலாம்.

செயற்குழுவில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இடம் தரச் சம்மதித்திருக்கிறார்கள். புத்தகம்தான் வேண்டும். உங்கள் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள், அவர்களுடைய பழைய தமிழ்ப் படப் புத்தகங்கள் இன்னும் பரணில் இருக்கின்றன என்றால் கொண்டுவந்து கொடுங்கள். அட்டை கழன்றிருந்தாலும் பரவாயில்லை. செல்லோடேப் நான் வாங்கி வருகிறேன்.